நடுப்பாலத்தில் தொலைந்த கைதி

7

சட்டப்படி பார்த்தால் அந்த மனிதர் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கரை ஜெயில் "இக்கரைக்கு அனுப்பிவிட்டோம்" என்றது. இக்கரை ஜெயில் "வந்து சேரவே இல்லை" என்றது. அக்கரை கோர்ட், ஆள் தன் எல்லைக்குள் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது. மிச்சம் இருந்தது இக்கரை கோர்ட் ஒன்றுதான். அதன் மாடி அறையில், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் இறைத்துக்கொண்டிருந்த மின்விசிறிக்குக் கீழே, கடைசி பெஞ்சில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். முன் பெஞ்சில் இடிக்காமல் வயிற்றை எங்கே வைப்பது என்பது காலையிலிருந்தே அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது.

கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிறது. வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை. இப்போது அவர் மேஸ்திரியிடம் உதவியாளர். மேஸ்திரி என்ற பெயரைக் கேட்டு மீசையை எதிர்பார்த்து வருகிறவர்கள், சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அந்தத் துப்பறியும் ஆபீஸின் கதவைத் திறந்ததும் ஒரு கணம் திகைப்பார்கள். உள்ளே இருப்பது நெட்டையான ஒரு பெண்மணி. அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. அவர் போனபோது வீட்டில் மிஞ்சியது அந்தப் பெயர்தான். மகள் எடுத்துக்கொண்டார்.

அந்தரத்தில் நின்ற மனிதரும் அதே ஷெட்டுக்காரர்தான். சுமை தூக்குகிறவர். கூலித் தகராறில் அதிகாரி ஒருவரின் மூக்கு உடைந்தது. உடைத்தது யாரென்று தெரியாததால், பக்கத்தில் நின்றவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தண்டனை முடிந்து ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. ஆள் வீட்டுக்கு வரவில்லை. ஷெட்டில் சிந்தும் தானியத்தைக் கூட்டிப் பெருக்கும் அவர் மனைவி மேஸ்திரியிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இருக்காரா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கக்கா."

அந்த ஒன்றைத்தான் இப்போது கூண்டில் நின்ற அக்கரை ஜெயில் சூப்பிரண்டிடம் நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாலத்தோட நடுவுல வச்சு ஒப்படைச்சோம்ங்க," என்றார் சூப்பிரண்டு. தேய்த்த சட்டை, தேய்த்த முகம். "பாதிப் பாலத்தோட என் பொறுப்பு முடிஞ்சிடுது."

"யார்கிட்ட ஒப்படைச்சீங்க?"

"இக்கரையிலேருந்து வந்தவங்ககிட்ட."

"இக்கரையில யாரையும் அனுப்பலைன்னு சொல்றாங்களே."

"அதுக்கு இக்கரைதாங்க பதில் சொல்லணும்."

"இப்ப ஆள் எங்கே?"

"என் பொறுப்பில இல்லாததால தெரியாதுங்க. ஆனா இந்தக் கோர்ட் எல்லைக்குள்ள இல்லை."

நீதிபதி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "எங்கே இருக்கார்னு தெரியாது. எங்கே இல்லைன்னு மட்டும் தெரியும்."

"ஆமாங்க. காலையில இங்க கீழேயே பிரமாணம் செஞ்சு கையெழுத்துப் போட்டிருக்கேன். மத்த காகிதத்தோட அதுவும் இந்த மூட்டையில இருக்கு."

மேசைமேல் சிவப்புத் துணியில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. அதைத் தூக்கி வைத்தபோது மேசை முனகியது கடைசி பெஞ்ச் வரை கேட்டது.

கண்டக்டர் மேஸ்திரியின் பக்கம் சாய்ந்தார். "டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டேன், பஸ்ஸு எங்க போச்சுன்னுதான் தெரியலைங்கறான். பெரிய ஆளா வருவான்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் சூப்பிரண்டைப் பார்க்கவே இல்லை. கண் மூட்டைமேல் இருந்தது.

நீதிபதி எதிர்ப்பக்கம் திரும்பினார். அங்கே சுமைக்காரர் மனைவியின் வக்கீல், கறுப்புக் கோட்டின் முழங்கை பளபளக்க எழுந்து நின்றார்.

"வக்கீலய்யா, இது ஆட்கொணர்வு மனு. ஆளைக் கொண்டு வாங்கன்னு நான் உத்தரவு போடணும்னா, ஒண்ணு அந்த ஆள் என் எல்லைக்குள்ள இருக்கணும். இல்லை, அவரைப் பிடிச்சு வச்சிருக்கிற கை என் எல்லைக்குள்ள இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா நான் காத்துக்குத்தான் உத்தரவு போடணும். காத்து கோர்ட்டுக்கு வராது."

"புரியுதுங்க ஐயா."

"மதியம் சாப்பிட்டுட்டு உக்காருவேன். அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணைக் காட்டுங்க. இல்லேன்னா தள்ளுபடி."

எல்லோரும் எழுந்தார்கள். நீதிபதி உள்ளே போனார். சூப்பிரண்டு கைக்குட்டையால் பிடரியை ஒற்றிக்கொண்டே பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனார். சுமைக்காரர் மனைவி கண்டக்டரிடம் வந்தார்.

"தள்ளுபடின்னா என்னண்ணே?"

கண்டக்டரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. இதற்கும் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டார்.

வக்கீல்தான் சொன்னார். "அக்கரையும் தள்ளி இக்கரையும் தள்ளினா, ஆத்துக்கு மூணாவது கரை கிடையாதும்மா."

மேஸ்திரி அதற்குள் மேசைக்குப் போயிருந்தார். மூட்டைக்குக் காவலாக நின்ற டவாலி, மார்பில் தொங்கிய பித்தளை வில்லையை நிமிர்த்திக்கொண்டார்.

"தொடக் கூடாது."

"தொடலை. பாக்கறேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? மூட்டை."

"உங்க கோர்ட்ல மூட்டையை எப்படிக் கட்டுவீங்க?"

டவாலி பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். அதில் அடுக்கியிருந்த மூட்டைகள் எல்லாம் பத்து தலைமுறைக்கும் அவிழாதபடி முடிச்சுக்கு மேல் முடிச்சாக இறுகிக் கிடந்தன. "பல்லாலதான் அவுக்கணும்," என்றார் கொஞ்சம் பெருமையாக. "எனக்கு இந்தப் பல்லு போனதே அதுலதான்."

"இதைப் பாருங்க கண்டக்டரே."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். சிவப்பு மூட்டையின் வாயில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வளையமாக மடங்கி, வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "நல்லா இருக்கு. கல்யாணப் பொண்ணுக்கு ரிப்பன் கட்டின மாதிரி."

"மூட்டை தூக்கறவன் கட்டு இது. ஒரு கையில கொக்கி இருக்கும். இன்னொரு கையால இந்த வாலைப் பிடிச்சு ஒரு இழுப்பு, மூட்டை வாய் பிளந்துடும். இழுக்காத வரைக்கும் யானை மிதிச்சாலும் அவுழாது. எங்கப்பா சட்டைப் பொத்தான் அறுந்தாக்கூட இப்படித்தான் கட்டுவார்."

"ஜெயில்ல மூட்டைக்காரங்க யாராவது இருப்பாங்க. இது ஒரு துப்பா?"

மேஸ்திரி திரும்பி, "இங்க வாம்மா," என்றார்.

சுமைக்காரர் மனைவி வந்து பார்த்தார். கை நீண்டது. டவாலி தொண்டையைக் கனைக்கவும், விரல்கள் கயிற்றுக்குக் கொஞ்சம் மேலே அப்படியே நின்றன. அங்கிருந்தபடியே அந்த முடிச்சின் மேல் காற்றில் ஒருமுறை சுற்றி வந்தன.

"தப்பாச் சுத்தியிருக்கு," என்றார்.

"சொல்லு."

"எல்லாரும் கயித்தை வலப்பக்கமாச் சுத்தி வாலை மேல விடுவாங்க. இது இடப்பக்கமாச் சுத்தி அடியில விட்டிருக்கு. அவருக்கு வலது கையில கட்டைவிரல் கிடையாதுக்கா. கொக்கி வாங்கிடுச்சு. அவர் இப்படித்தான் கட்டுவார். வீட்ல வெறகுக் கட்டுக்கூட இப்படித்தான்." கையை இழுத்துக்கொண்டார். பிறகு, "இருக்காரு," என்றார்.

அழவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டவாலி மூட்டையை விட்டுவிட்டு ஜன்னலைக் காவல் காக்க ஆரம்பித்தார்.

வக்கீல் மெல்லிய குரலில் சொன்னார். "இருக்கார். சரி. ஆனா அக்கரை ஜெயில்ல வச்சுக் கட்டியிருப்பார். அது அக்கரை எல்லை. அங்க போனா இங்க இருக்கார்னு பழைய கதையைத்தான் சொல்வாங்க."

"அக்கரையில கட்டினது இல்லை வக்கீலய்யா," என்றார் மேஸ்திரி. "காலையில கீழேயே பிரமாணம் செஞ்சேன்னு அவரே சொன்னாரே. வாங்க கண்டக்டரே, கீழ போவோம்."

மாடிப்படி இறங்கும்போது கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது. "மேஸ்திரி, ஒரு கேள்வி. கயித்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கறது எனக்குப் புரியுது. ஆனா பசி நேரத்துல ஏன் கண்டுபிடிக்கணும்?"

"வயித்தை விடுங்க. இன்னைக்கு அதுக்கு வேலை வந்தாலும் வரும்."

பிரமாணம் வாங்கும் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. உயரமானவர்கள் குனிந்துதான் சத்தியம் செய்ய முடியும். உள்ளே குமாஸ்தா ஒருவர் முத்திரைக் கட்டையின் அடியைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கரை சூப்பிரண்டு காலையில வந்தாரா?"

"வந்தாரே. கோர்ட் திறக்கறதுக்கு முன்னாடியே பின்வழியா வந்து நின்னார். நான் சட்டைகூட முழுசாப் போடலை."

"மூட்டையைப் பிரிச்சுத்தானே முத்திரை போட்டீங்க?"

"பிரிக்காம எப்படிம்மா போடறது? துணிக்குமேல போட்டா செல்லாது."

"பிரிச்ச மூட்டையைத் திரும்பக் கட்டினது யாரு? நீங்களா?"

"எனக்கு எதுக்கு அந்த வேலை?"

"அப்போ அவரா?"

குமாஸ்தா சிரித்தார். கண்டக்டர் அன்றைக்குக் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். "அவரா? பேனா மூடியைக் கழட்டவே என்னைக் கூப்பிட்டார். வாசல்ல ஒரு ஆள் நின்னான். அவன்கிட்ட நீட்டினார். ஒரு சுத்து சுத்தினான், கட்டு விழுந்துடுச்சு. அப்படியே தோள்ல போட்டுக்கிட்டு மேல ஏறிட்டான்."

"ஆள் எப்படி இருந்தான்?"

குமாஸ்தா யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "ஆள் மாதிரி இருந்தான்," என்றார். "மூட்டை தூக்கறவன்தானேம்மா. முதுகுதான் தெரிஞ்சுது."

வெளியே வந்ததும் கண்டக்டர் நின்றுவிட்டார். "இருங்க இருங்க. அவன் இந்தக் கோர்ட்டுக்குள்ள இல்லைன்னு எழுதின காகிதத்தை, அவனே இந்தக் கோர்ட்டுக்குள்ள வச்சுக் கட்டி, அவனே மாடிக்குத் தூக்கிட்டு வந்து வச்சிருக்கான்."

"ஆமா."

"எந்தக் கிறுக்கன் அவனை இப்படி இங்கேயே கூட்டிட்டு வருவான்?"

"கிறுக்கன் இல்லை. கனமா எதையும் தூக்கிப் பழக்கமில்லாதவன். தூக்கறவன் முகத்தை இவ்வளவு நாள் அவன் பாத்ததில்லை. அதனால யாரும் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சிட்டான். நினைச்சதும் சரிதான். குமாஸ்தா பாத்தாரா?"

பின்பக்க முற்றத்தில், பழைய ரெக்கார்டுகள் நிரம்பிய சாக்குகளுக்கு அப்பால், கம்பி வலை அடித்த நீல நிற ஜெயில் வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்று கண்டக்டர் மனதில் நினைத்து முடிப்பதற்குள் அது புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. மாடியின் பின்படிக்கட்டில் நின்று சூப்பிரண்டு கை ஆட்டினார். வழியனுப்பும் ஆட்டல் அல்ல, சீக்கிரம் போ என்று விரட்டும் ஆட்டல். மேஸ்திரி மூட்டைக்குமேல் குனிந்து நின்றதை அவர் பின்கதவிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

கண்டக்டர் ஓடினார். அவர் ஓடியதை முற்றத்தில் இருந்தவர்கள் வெகுநாள் பேசுவார்கள். வாசலை எட்டுவதற்குள் வண்டி தெரு முனையில் பாலத்தின் பக்கம் திரும்பி மறைந்தது. ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களுக்குக் கொஞ்சம் விடுதலை கொடுத்தார்.

"போச்சு. விசில் அடிக்காமலே வண்டியை எடுத்துட்டான்."

மேஸ்திரி நிதானமாக வந்து பக்கத்தில் நின்றார். "வண்டிதானே போச்சு."

"உள்ள ஆள் இருந்தான்ல? பாலத்தைத் தாண்டினா எல்லை தாண்டிடுவான். காலையில இங்க இருந்தான்னு சொன்னா, கயித்தைக் காட்டி நிரூபிங்கன்னு சொல்வாங்க. டிரைவர் கட்டினான்னு அந்தாள் ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். குமாஸ்தாவுக்கு முதுகுதான் தெரியும். மேல இருக்கற பொண்ணு இப்பத்தான் அவர் இருக்கார்னு தெரிஞ்சு மூச்சு விட்டுச்சு. நான் போய் என்னன்னு சொல்றது?"

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் உட்கார்ந்திருந்த சாக்கைப் பார்த்தார்.

"எந்திரிங்க. உங்க கைக்குட்டையைக் குடுங்க."

"எதுக்கு?"

"வலது கட்டைவிரலை மடக்குங்க."

* * *

சாக்குக்குள் உலகம் மிகச் சிறியது என்று கண்டக்டர் கண்டுகொண்டார். சணல் நாற்றமும் பழைய காகிதத் தூசியும் மூக்கில் ஏறின. காலி சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலைக்கு முக்காடு ஆக்கி, முதுகுப்பக்கம் தொங்கவிட்டு, வாய்வரை இழுத்துவிட்டிருந்தார் மேஸ்திரி. மூட்டை தூக்குகிறவர்கள் இப்படித்தான் போடுவார்களாம். குனிந்து நிற்கச் சொல்லியிருந்தார். கண்டக்டருக்குத் தெரிந்ததெல்லாம் தரை, தன் கால், தன் வயிறு, கட்டைவிரல் இல்லாமல் துணி சுற்றிய தன் வலது கை, அறையின் அந்தக் கோடியில் கூண்டுக்கு அடியில் பளபளக்கும் ஒரு ஜோடி ஷூ.

நீதிபதி வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"என்ன வக்கீலய்யா? ஆளா, கையா?"

"ஐயா, ஒரே ஒரு விஷயத்துக்கு அனுமதி வேணும்," என்றார் வக்கீல். அவர் குரலில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. "கதவுகிட்ட ஒருத்தர் நிக்கிறார். அவர் யாருன்னு நான் எதுவும் சொல்லலை. சூப்பிரண்டு பாத்து, இவர்தானா அந்தக் கைதின்னு சொன்னாப் போதும்."

ஷூக்கள் கதவுப் பக்கம் திரும்பின. கண்டக்டர் வயிற்றை உள்ளே இழுத்தார். அது எப்போதும்போல் வர மறுத்தது.

"இவர் இல்லைங்க," என்றார் சூப்பிரண்டு. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முகம் தெரியலையே," என்றார் நீதிபதி. "மனுவுல இருக்கற மாதிரி கையில வேற கட்டைவிரலைக் காணோம். எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"முகம் எதுக்குங்க ஐயா? வயித்தைப் பாருங்க." குரலில் சிரிப்பு இருந்தது. "அவன் விலா எலும்பை இங்கேருந்தே எண்ணலாம். அவனுக்கு இப்படி ஒரு வயிறு எங்கேருந்து வரும்?"

அறையில் பலர் சிரித்தார்கள். சாக்குக்குள் கண்டக்டருக்குக் காது சூடானது. ஷூக்கள் சுகமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

சிரிப்பு அடங்கும்வரை நீதிபதி காத்திருந்தார்.

"அவர் உங்க பொறுப்பிலேருந்து எப்பப் போனார்னு எழுதியிருக்கீங்க?"

"மழைக்கு முன்னாடிங்க. நடுப்பாலத்துல வச்சு."

"அதுக்கப்புறம் பாத்தீங்களா?"

"இல்லைங்க. நான் எங்க பாக்கறது?"

"ஒரு மழைக்காலம் முழுக்க முடிஞ்சிருக்கு. போன இடத்துல மூணு வேளையும் நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, வயிறு போட்டிருக்கலாமே. இன்னும் விலா எலும்பு தெரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலே இருந்த ஷூ மெதுவாகக் கீழே இறங்கி, தரையைத் தடவிப் பார்த்தது.

"ஒரு ஊகம்தாங்க," என்றார் சூப்பிரண்டு.

"உங்க ஊகம் நல்லா வேலை செய்யுது. டவாலி, அந்த மூட்டையைக் கொண்டாங்க."

மேசை மறுபடி முனகியது. வக்கீலின் குரல் இப்போது நிமிர்ந்திருந்தது. வாலைப் பிடித்து ஒரே விரலால் இழுத்துப் பார்க்கும்படி நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். 'சர்' என்று ஒரு சத்தம். காகிதங்கள் சரியும் சத்தம். "அட," என்றார் டவாலி, தன்னை மறந்து. பல் போன இடத்தை நாக்கால் தடவியிருப்பார் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

வக்கீல் கட்டைச் சொன்னார், அது சுற்றியிருந்த பக்கத்தைச் சொன்னார், இல்லாத கட்டைவிரலைச் சொன்னார். கீழே குமாஸ்தா பிரித்துப்போட்ட மூட்டையை வாசலில் நின்ற ஒருவன் திரும்பக் கட்டியதையும் சொன்னார்.

"யார் கட்டினது?" என்றார் நீதிபதி.

"டிரைவருங்க," என்றார் சூப்பிரண்டு.

"நல்லது. அவரைக் கூப்பிடுங்க. என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை கட்டட்டும்."

"அவர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"உங்களை இங்க விட்டுட்டா?"

ஷூக்கள் ஒன்றை ஒன்று மிதித்தன.

"சூப்பிரண்டய்யா, பிரமாணம் செஞ்சுட்டுப் பேசறீங்க. அந்த வண்டிக்குள்ள வேற யார் இருந்தது? பாலத்துக்கு ரெண்டு பக்கமும் போன் பண்ணிக் கேக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது."

கண்டக்டர் பஸ்ஸில் எத்தனையோ பேர் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொண்டவன் கடைசியில் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கத்தான் போகிறேன் என்பான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு நியாயம்கூட வந்துவிடும். சூப்பிரண்டின் குரலில் இப்போது அந்த நியாயம் வந்தது.

"அவன்தாங்க இருந்தான் ஐயா. நான் மறைக்கலை. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? வண்டி இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். அவன் இப்ப உங்க எல்லைக்குள்ள இல்லைங்க. நான் எழுதிக் குடுத்தது இந்த நிமிஷம் உண்மைதாங்க."

"உண்மைதான்," என்றார் நீதிபதி. "ஆள் என் எல்லையைத் தாண்டிட்டார். ஒத்துக்கறேன்."

கடைசி பெஞ்சில் சுமைக்காரர் மனைவி எழுந்த சத்தம் கண்டக்டருக்குக் கேட்டது.

"உக்காரும்மா. நான் காலையிலேயே சொன்னேன். ஒண்ணு ஆள். இல்லேன்னா அவரைப் பிடிச்சு வச்சிருக்கிற கை. ஆள் அக்கரையில. கை இங்க என் முன்னாடி கூண்டுல நிக்குது. என் சம்மனை மதிச்சு, ஆத்தைத் தாண்டி, அதுவா வந்து நிக்குது." காகிதத்தில் பேனா ஓடியது. "ஆளைக் கொண்டாந்து இங்க நிறுத்தற வரைக்கும் நீங்க இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போன் அந்த மூலையில இருக்கு. அப்புறம், கதவுகிட்ட நிக்கிறவரே."

"ஐயா," என்றது சாக்கு.

"அதைக் கழட்டிட்டு ஏதாவது சாப்பிடப் போங்க. உங்க வயிறு இந்தக் கோர்ட்டுக்கு ரொம்ப உதவி பண்ணியிருக்கு."

* * *

வண்டி திரும்பி வந்தபோது ஜன்னல் வெயில் மேசையை விட்டு இறங்கிச் சுவரில் ஏறியிருந்தது.

சுமைக்காரர் உள்ளே வந்தார். முழங்கைவரை சுண்ணாம்பும் சிமெண்டும் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. விலா எலும்பு விஷயத்தில் மட்டும் சூப்பிரண்டு பொய் சொல்லியிருக்கவில்லை.

"எங்கப்பா இருந்தே இவ்வளவு நாளும்?" என்றார் நீதிபதி.

"இவர் வீட்லதாங்க. அக்கரையில புதுசா வீடு கட்டறார். கல்லு, மண்ணு எல்லாம் நான்தான் ஏத்தினேன். மாடி இன்னும் பாக்கிங்க." பாக்கி இருப்பது தன் குற்றம்போல் சொன்னார்.

"காலையில இங்க வந்தப்போ ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"உன் மனுவுக்காகத்தான் கூட்டிட்டுப் போறேன், வாயைத் திறந்தா தள்ளுபடி ஆயிடும்னு சொன்னாருங்க. டிரைவருக்கு இடுப்புப் பிடிப்பு. மூட்டை கனம். சரி, நம்ம காகிதம்தானேன்னு தூக்கிட்டு வந்தேன்."

நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார். விடுதலை என்ற வார்த்தையைச் சத்தமாகப் படித்தார். சூப்பிரண்டு மேல் நடவடிக்கைக்கு எழுதியதையும் படித்தார். அந்த மூட்டையை மறுபடி கட்டி, சூப்பிரண்டே கீழே ரெக்கார்டு அறையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது கடைசி வரி.

மனைவி எழுந்து கணவனின் எதிரே வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"யார் சட்டை இது?"

"அவரோடது. பழசு."

"கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

சுமைக்காரர் அங்கேயே பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை மடித்து, மேசைமேல் காகிதக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி தன் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். ஷெட்டின் தானியத் தூசி அதிலிருந்து கொஞ்சம் பறந்தது. அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

கண்டக்டர் சட்டையிலிருந்து சணல் நார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். நான் ஒல்லியா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அந்த டவாலியைக் கேட்டிருப்பேன். அவரும் நல்ல பருமன்தான்."

"ஆக, நீங்க நம்பினது என் மூளையை இல்லை."

"உங்ககிட்ட எது பெருசோ அதை நம்பினேன்."

மேசையருகே சூப்பிரண்டு கயிறும் கையுமாக நின்றார். துணியின் நான்கு மூலைகளையும் ஒன்றுசேர்த்தார். ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் காகிதம் வழிந்தது. கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். முடிச்சு என்று ஏதோ போட்டார். தூக்கினார். அது அவிழ்ந்து பாதிக் காகிதம் தரையில் விழுந்தது. குனிந்து பொறுக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைக் கைகள் அவர் கண்ணில் பட்டன.

"டேய், இந்தா," என்றார். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. "போறதுக்கு முன்னாடி இதை ஒரு கட்டு கட்டிட்டுப் போ."

சுமைக்காரர் நின்றார். திரும்பினார். கயிற்றைப் பார்த்தபோது அவர் விரல்கள் தாமாகவே கொஞ்சம் மடங்கின. ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தது, ஒரு கால் வெளியே இருந்தது. குனிந்து அதைப் பார்த்தார். உள்ளே இருந்த காலையும் எடுத்து வெளியே வைத்தார்.

"அது என் எல்லையில இல்லீங்க," என்றார்.